கூடிய ஒளியா, பொருந்திய ஒளியா? ஒளித்தாள் நுணுக்குக்காட்டிக்கு லேசர் தெரிவு செய்தல்

கூரையில் ஓர் ஓடு விலகியிருந்தால் லுஹர் நேரத்தில் அறைக்குள் ஒரு வெளிச்சக் கம்பு இறங்கும். அதற்குள் தூசு பறப்பது தெரியும். கம்புக்கு வெளியேயும் அதே தூசுதான் பறக்கிறது, ஆனால் கண்ணில் படுவதில்லை. காலை வெயில் கதவிடுக்கால் வந்தால் அது கம்பாக இல்லாமல் ஒரு பலகைபோல, மெல்லிய தாள்போல விழும். பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு அந்தத் தாளுக்குள் அகப்பட்ட தூசு மட்டும் மின்னும். சிறுவயதில் நாமெல்லோரும் கைநீட்டிப் பிடிக்கப் பார்த்த இந்த வெளிச்சத் தாள்தான் இன்று உயிரியல் ஆய்வுகூடங்களில் ஒரு பெரிய கருவியின் அடிப்படையாக இருக்கிறது.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். லேசரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். என்னிடம் படித்த பிள்ளையொருத்தி இப்போது ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடத்தில் மீன் முளையங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன வருடம் ஒருநாள் இரவு அழைப்பு எடுத்தாள். ஸலாம் சொன்ன குரலிலேயே ஏதோ சரியில்லை என்று விளங்கியது.

“சேர், மூணு நாளா கண் முழிச்சுப் பாத்துக்கிட்டிருந்த முளையம் செத்துப் போச்சு. நான்தான் கொன்டுட்டேன்.”

“எப்பிடி மகள்?”

“வெளிச்சத்தால சேர்.”

படம் மங்கலாக வந்ததாம். லேசரின் வலுவைக் கூட்டினாளாம். கொஞ்சம் தெளிந்ததுபோல இருந்ததாம். இன்னும் கூட்டினாளாம். விடியப் பார்த்தால் முளையத்தின் இதயம் நின்றுபோயிருந்தது. அதன்பிறகு அவளிடமே ஒரு பொறுப்பு வந்தது: ஆய்வுகூடத்தில் தாங்களே பொருத்திக்கொள்ளும் புதிய நுணுக்குக்காட்டிக்கு என்ன லேசர் வாங்குவது, அதை எப்படித் தொடுப்பது என்று பார்த்துச் சொல்வது. அந்த வேலையில் அவள் படித்ததை வாரக்கணக்கில் எனக்கும் படிப்பித்தாள். “இதைத் தமிழில எழுதுங்க சேர், உயர்தரத்துப் புள்ளைகள் வாசிக்கட்டும்” என்றாள். அவளிடம் கேட்டதையும் பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒளித்தாள் என்றால் என்ன?

பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சி நேர்செங்குத்தாக நின்று பார்க்கும் யோசனை புதியதல்ல. ஜேர்மனியின் யேனா நகரில் ஹென்றி சீடென்டொப்பும் ரிச்சர்ட் சிக்மொண்டியும் 1903இல் இப்படியொரு கருவியைப் பற்றி எழுதினார்கள். சிவப்புக் கண்ணாடிக்குள் கரைந்துகிடந்த பொன்துகள்களைப் பார்ப்பதுதான் அவர்களுடைய தேவை. சூரிய ஒளியை ஒரு நுண்ணிய பிளவால் விட்டுப் பக்கத்திலிருந்து பாய்ச்சியபோது, சாதாரண நுணுக்குக்காட்டிக்குத் தெரியாத அந்தத் துகள்கள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தன. சிக்மொண்டி 1925ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பெற்றவர்.

பிறகு நூறு வருடம் இந்த யோசனை பெரும்பாலும் ஒதுங்கியே கிடந்தது. 1993இல் வோய் என்பவரும் கூட்டாளிகளும் கினிப் பன்றியின் உட்காதைப் படமெடுக்க இதைப் பயன்படுத்தினார்கள். 2004இல் ஹைடெல்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் யான் ஹுயிஸ்கன், ஏர்ன்ஸ்ட் ஸ்டெல்சர் முதலானோர் உயிருள்ள மீன் முளையத்தை இந்த முறையில் படமெடுத்துக் காட்டியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2008இல் அதே ஆய்வுகூடத்திலிருந்து வந்த பிலிப் கெல்லர் முதலானோரின் கட்டுரை, சீப்ரா மீன் முளையம் ஒன்றின் முதல் 24 மணித்தியால வளர்ச்சியைக் கலம் கலமாகப் பின்தொடர்ந்தது. ‘நேச்சர் மெதட்ஸ்’ சஞ்சிகை 2014ஆம் ஆண்டின் சிறந்த முறையாக ஒளித்தாள் நுணுக்குக்காட்டியைத் தெரிவு செய்தது.

கருவியின் அமைப்பு இலகுவானது. முளையம் நீர்த்தொட்டியொன்றுக்குள் தொங்குகிறது. ஒரு பக்கத்திலிருந்து சில மைக்கிரோமீற்றர் தடிப்பான ஒளித்தாள் அதை ஊடறுக்கிறது. அந்தத் தாளுக்குச் செங்குத்தாக இன்னொரு வில்லை நின்று பார்க்கிறது, அதன் பின்னால் கமரா. தாள் வெட்டிய தளத்திலுள்ள கலங்கள் மட்டும் ஒளிர்கின்றன. முளையத்தை ஒவ்வொரு அடியாக நகர்த்தினால் ஒவ்வொரு தளமாகப் படம் கிடைக்கும். பாணை வெட்டாமலே துண்டு துண்டாகப் பார்ப்பதுபோல.

வெளிச்சத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

இங்கே கலங்கள் ஒளிர்வது தூசு மின்னுவதைப்போல அல்ல. கலங்களுக்குள் ஒளிரும் புரதங்களை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். மிகப் பிரசித்தமானது ஜெலிமீன் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட பச்சை ஒளிர்புரதம். ஷிமோமுரா, சால்பி, சியன் மூவருக்கும் 2008இல் நோபல் பரிசு அதற்காகத்தான் கிடைத்தது. நீல ஒளியை உறிஞ்சிப் பச்சை ஒளியை வெளிவிடுவது அதன் இயல்பு.

உறிஞ்சிய சக்தி முழுவதும் பச்சை ஒளியாகத் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி கலத்துக்குள்ளேயே தங்கி, ஒட்சிசனோடு சேர்ந்து நாசம் செய்யும் பொருட்களை உண்டாக்குகிறது. புரதமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிப் போகிறது. ஆக, எந்த ஒளியால் பார்க்கிறோமோ அந்த ஒளியே பார்க்கப்படுவதை அழிக்கிறது.

வழமையான கன்போகல் நுணுக்குக்காட்டியில் ஒரு தளத்தைப் படமெடுக்கும்போது மேலும் கீழும் உள்ள எல்லாத் தளங்களையும் ஒளி ஊடுருவிச் செல்கிறது. 200 தளங்கள் எடுத்தால் ஒவ்வொரு கலமும் 200 தடவை வெயிலில் நிற்கும். ஒளித்தாளில் அப்படியில்லை. தாள் 5 மைக்கிரோமீற்றர் தடிப்பு, ஒவ்வோர் அடியும் 2 மைக்கிரோமீற்றர் என்றால் ஒரு கலத்தின் மீது இரண்டு மூன்று தடவைதான் ஒளி படும். இந்தச் சிக்கனம்தான் முழுக் கருவிக்கும் காரணம். லேசரைத் தெரிவு செய்வதும் தொடுப்பதும் இந்தச் சிக்கனத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான். அதை மறந்தால் கருவி இருந்தும் பயனில்லை.

முதல் கேள்வி: என்ன நிறம்?

லேசர் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது லேசர் விலைப்பட்டியலை அல்ல, தன்னுடைய மாதிரியை. அதில் என்ன ஒளிர்பொருள் இருக்கிறது? அது எந்த அலைநீளத்தை உறிஞ்சும்?

பச்சை ஒளிர்புரதத்துக்கு 488 நனோமீற்றர் நீலம் பொருந்தும். எம்-செரி போன்ற சிவப்புப் புரதங்களின் உறிஞ்சல் உச்சம் 587 என்றாலும் 561 நனோமீற்றர் லேசரே பெரும்பாலும் பாவிக்கப்படுகிறது. கடுஞ்சிவப்புச் சாயங்களுக்கு 640. கலக்கருவைக் காட்டும் சில சாயங்களுக்கு 405 ஊதா. உயிருள்ள மாதிரியில் குறுகிய அலைநீளம் கூடுதலாகக் காயப்படுத்தும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேவையில்லாமல் 405ஐ எரியவிடக் கூடாது.

பட்டியலில் நான்கு நிறம், ஐந்து நிறம் என்று இருக்கும். எல்லாம் வேண்டும்போலத்தான் தோன்றும். என் மாணவியின் ஆய்வுகூடத்தில் பச்சையும் சிவப்பும்தான் தேவை. ஆகவே 488உம் 561உம் போதும் என்று முடிவு செய்தார்கள், பின்னால் ஒன்று சேர்க்க இடம் விட்டார்கள்.

488 என்று விற்கப்படும் லேசர் சரியாக 488இல்தான் நிற்கும் என்றில்லை. இருவாயி லேசர்களில் சில நனோமீற்றர் முன்பின் இருக்கும். அதோடு மெல்லிய பின்னணி ஒளியும் பரந்து வரும். அந்தப் பின்னணியில் பச்சைப் பங்கு இருந்தால் புரதத்தின் பச்சையோடு கலந்துவிடும். அதனால் லேசருக்கு முன்னால் ஒரு துப்புரவு வடிகட்டியும், கமராவுக்கு முன்னால் லேசரின் நிறத்தைத் தடுக்கும் இன்னொரு வடிகட்டியும் வேண்டும். இரண்டாவது வடிகட்டி லேசர் ஒளியைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பது நல்லது.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு வலு?

“கூடின வலு வாங்கி வச்சா பிறகு குறைச்சுப் பாவிக்கலாம்தானே?” என்று நானும் கேட்டேன். முழுக்கச் சரியில்லை என்றாள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். லேசர் பெட்டியிலிருந்து 50 மில்லிவாற்று வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒளியியல் நாருக்குள் நுழையும்போது 60 சதவீதம் போய்ச் சேர்ந்தால் 30. ஆடிகள், வடிகட்டிகள் வழியாக 80 சதவீதம் என்றால் 24. கற்றையின் மங்கலான ஓரங்களைப் பிளவால் வெட்டிவிட்டால் பாதி, 12. கடைசி வில்லைகள் தாண்டி ஏறக்குறைய 10. பெட்டியில் எழுதியிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் மாதிரிக்கு வருகிறது. இது ஓர் உதாரணக் கணக்கு. ஒவ்வொரு கருவிக்கும் இலக்கங்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

அந்த 10 மில்லிவாற்று போதுமா? உயிருள்ள முளையத்துக்கு அது கூடுதல் என்றே சொல்லலாம். 5 மைக்கிரோமீற்றர் தடிப்பும் 500 மைக்கிரோமீற்றர் உயரமும் உள்ள தாளில் வெறும் 1 மில்லிவாற்றைப் பரப்பினால் சதுர சென்ரிமீற்றருக்கு 40 வாற்று வரும். உச்சி வெயில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 0.1 வாற்று. அதாவது 1 மில்லிவாற்றே உச்சி வெயிலைவிட 400 மடங்கு செறிவு. உயிருள்ள மாதிரிகளில் மாதிரியின் இடத்தில் ஒரு மில்லிவாற்றும் அதற்குக் குறைவும் என்று தொடங்குவதன் காரணம் இதுதான்.

உயிரற்ற மாதிரியானால் நிலைமை வேறு. எலியின் முழு மூளையை இரசாயன முறையில் கண்ணாடிபோல் தெளியவைத்துப் படமெடுப்பவர்களுக்குச் சாகடித்துவிடுவோமோ என்ற பயமில்லை. பரப்பும் பெரிது. அவர்களுக்கு 100 மில்லிவாற்றும் அதற்கு மேலும் பயன்படும்.

சரி, பெரிய லேசரை வாங்கிக் குறைத்துப் பாவித்தால் என்ன? இருவாயி லேசருக்கு ஒரு தொடக்க மட்டம் உண்டு. மின்னோட்டம் அந்த மட்டத்தைத் தாண்டினால்தான் அது லேசராக வேலை செய்யும். கணினியில் 1 சதவீதம் என்று வைத்தால் அந்த மட்டத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும், வலு நிலையாக இராது. ஒரு முளையத்தை மூன்று நாள் படமெடுக்கும்போது வலு ஏறி இறங்கினால், ஒளிர்வு மாறியது முளையத்தாலா லேசராலா என்று சொல்ல முடியாது. ஆகவே லேசரை நடுத்தர மட்டத்தில் ஓடவிட்டு, பத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் சாம்பல்நிற வடிகட்டியை முன்னால் வைப்பதுதான் வழி. கறி உறைத்தால் தண்ணீர் ஊற்றுவதைவிட முதலிலேயே தூளை அளந்து போடுவது நல்லது என்று உம்மாமார் சொல்வார்கள். இதுவும் அதுதான்.

மூன்றாவது கேள்வி: கற்றையின் வடிவம் எப்படி?

கடதாசியைப்போல மெல்லிய தாள் வேண்டுமானால் லேசர்க் கற்றை சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தை நோக்கிச் சீராக மங்கியும் போகும் வட்டக் கற்றைதான் மிகச் சிறிய இடத்தில் குவியும். இதை அளக்க எம்-வர்க்கம் என்றொரு எண் உண்டு. 1 என்றால் பூரணம். 1.1, 1.2 வரை நல்லது. மலிவான உயர்வலு இருவாயிகள் சிலவற்றில் இது மிகக் கூடுதல். அவற்றின் வலு ஒரு வாற்றாக இருந்தாலும் தாள் தடிப்பாகத்தான் வரும்.

கற்றை பூரணமாக இருந்தாலும் இயற்கை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. தாள் மெலியும்போது அதன் நீளம் குறைகிறது. நீருக்குள் 488 நனோமீற்றர் ஒளியால் 5 மைக்கிரோமீற்றர் தடிப்பான தாளைச் செய்தால் அது ஏறக்குறைய 107 மைக்கிரோமீற்றர் தூரத்துக்குத்தான் ஓரளவு மெல்லியதாக நிற்கும். அதற்குப் பிறகு விரிந்துவிடும். தடிப்பை 10 மைக்கிரோமீற்றர் ஆக்கினால் நீளம் 428 மைக்கிரோமீற்றர். தடிப்பு இரண்டு மடங்கானால் நீளம் நான்கு மடங்கு. எந்த லேசரை வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. எனவே மாதிரியின் அளவு தெரிந்த பிறகுதான் தாளின் தடிப்பைத் தீர்மானிக்கலாம்.

தாளைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரு திசையில் மட்டும் குவிக்கும் உருளை வில்லை. மலிவானது, அசையும் பாகம் இல்லை. ஆனால் தாளின் நடு பிரகாசமாகவும் மேல்கீழ் ஓரங்கள் மங்கலாகவும் இருக்கும். முன்னே பிளவால் பாதி ஒளியை வெட்டியது அதனால்தான். மற்றது, மெல்லிய ஒளிக்கம்பு ஒன்றை ஆடும் ஆடியால் வேகமாக மேலும் கீழும் வீசுவது. தாள் சீராக வரும். ஆனால் ஒரு கணத்தில் ஒரே இடத்தில் விழும் செறிவு கூடும். 2013இல் ட்ரெஸ்டன் நகரை மையமாகக் கொண்ட குழுவொன்று யாரும் பார்த்துக் கட்டிக்கொள்ளும்படி வெளியிட்ட ‘ஓப்பன்ஸ்பிம்’ வடிவமைப்பு உருளை வில்லை வழியைத்தான் எடுத்தது. என் மாணவியும் அதையே பின்பற்றினாள்.

லேசரின் இனமும் ஆளியும்

ஒருகாலத்தில் 488 என்றால் ஆகன் வாயு லேசர்தான். 1964இல் வந்தது. சூடும் இரைச்சலும் கூட. எடுக்கும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கைத்தான் ஒளியாகத் தரும். இன்று அதே நீலம் உள்ளங்கையில் அடங்கும் இருவாயியிலிருந்து வருகிறது. 405, 488, 640 மூன்றுக்கும் இருவாயிகள் உண்டு. 561இன் கதை வேறு. அந்த நிறத்துக்குப் பெரும்பாலும் பளிங்கொன்றுக்குள் அகச்சிவப்பு ஒளியை உண்டாக்கி, அதன் அலைநீளத்தை இன்னொரு பளிங்கால் பாதியாக்கித்தான் பெறுகிறார்கள்.

இந்த வேறுபாடு தொடுக்கும்போதுதான் முக்கியமாகிறது. இருவாயியைக் கமராவின் தாளத்துக்கு மின்சாரத்தாலேயே எரித்து அணைக்கலாம், மைக்கிரோசெக்கன்களில் நடக்கும். 561 பளிங்கு லேசரை அப்படி அணைத்து எரித்தால் வலு நிலைகுலையும். அதை எரியவிட்டு, முன்னால் ஒலியலையால் ஒளியைத் திருப்பும் பளிங்காளி ஒன்றை வைக்க வேண்டும். பொறிமுறைக் கதவு மலிவு, ஆனால் திறந்து மூடப் பல மில்லிசெக்கன் எடுக்கும்.

ஆளி ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு தளத்துக்கு 20 மில்லிசெக்கன், 200 தளங்கள் என்றால் மொத்தம் 4 செக்கன். நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறோம். மிச்ச 56 செக்கனும் லேசர் எரிந்துகொண்டிருந்தால் தேவையானதைப்போல் 15 மடங்கு ஒளியை முளையம் வாங்குகிறது. அதிலும் தாள் கடைசியாக நின்ற தளத்திலேயே அந்த 56 செக்கனும் விழும். இருவாயிக்கு இரண்டு மின்கம்பிகள்: ஒன்று எரி, அணை என்ற கட்டளைக்கு, மற்றது 0 முதல் 5 வோல்ற்று வரை வலுவைக் கூட்டிக் குறைப்பதற்கு. கட்டளைக் கம்பியைக் கமராவின் ‘இப்போது படமெடுக்கிறேன்’ என்ற சைகையோடு தொடுத்துவிட்டால் கமராவின் கண் திறந்திருக்கும் நேரம் மட்டும் லேசர் எரியும். வாங்கும்போது இந்த இரண்டு வசதியும் உண்டா என்று கேட்காதவர்கள் பிறகு கவலைப்படுவார்கள்.

தொடுத்தல்: காற்றிலா, நாரிலா?

லேசரிலிருந்து நுணுக்குக்காட்டிக்கு ஒளியை ஆடிகளால் காற்றிலேயே அனுப்பலாம். இழப்புக் குறைவு. ஆனால் மேசையை யாராவது இடித்தாலும், அறை சூடேறினாலும் கற்றை நகரும். ஒளியியல் நாரால் அனுப்பினால் லேசரின் சூடும் அதிர்வும் வேறு மேசையிலேயே நின்றுவிடும். இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. ஒற்றைப்பாங்கு நார் கற்றையை வடிகட்டியும் விடுகிறது. உள்ளே போவது கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வெளியே வருவது அந்தச் சுத்தமான வட்டக் கற்றைதான்.

அதற்கான விலை, பொருத்துவதில் வரும் பாடு. 488க்கான ஒற்றைப்பாங்கு நாரில் ஒளி ஓடும் பாதையின் குறுக்களவு 3 முதல் 4 மைக்கிரோமீற்றர். தலைமயிர் அதைவிட இருபது மடங்கு தடிப்பு. லேசரின் குவியம் அந்த வாசலிலிருந்து 1 மைக்கிரோமீற்றர் விலகினால் ஒளியில் கால்வாசிக்கு மேல் போய்விடும். 2 மைக்கிரோமீற்றர் விலகினால் கால்வாசிதான் மிஞ்சும். பல்பாங்கு நாரின் வாசல் 50 மைக்கிரோமீற்றர் அல்லது அதற்கும் மேல், பொருத்துவது சுலபம். ஆனால் வெளியே வரும் ஒளி புள்ளிபுள்ளியாகவும் மெல்லிதாகக் குவியாததாகவும் இருக்கும். சுலபம் என்று அதை வாங்கினால் ஒளித்தாள் ஒளிப்பலகையாகிவிடும்.

நார் முனைகளில் இரண்டு வகை முக்கியம்: நேராகத் தீட்டியது, 8 பாகை சாய்த்துத் தீட்டியது. சாய்த்துத் தீட்டிய முனை, தெறித்த ஒளி திரும்ப லேசருக்குள் போய் அதைக் குழப்பாமல் காக்கும். சாய்ந்த முனையை நேர் முனைக்கான துளையில் போட்டால் கற்றை கோணலாக வெளிவரும். இரண்டையும் முகத்துக்கு முகம் தொடுத்தால் முனையே சேதமாகும். முனையில் ஒரு சிறு திறப்புப்போன்ற மேடு உண்டு. அது துளையின் வெட்டில் சரியாக அமர்ந்த பிறகுதான் திருகை இறுக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் சுத்தம். 100 மில்லிவாற்று அந்தச் சிறிய வாசலில் குவியும்போது சதுர சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சம் வாற்று அளவில் வரும், உச்சி வெயிலைப்போல் ஒரு கோடி மடங்கு. அங்கே ஒரு தூசு இருந்தால் எரிந்து முனையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மூடியைப் போட வேண்டும், பூட்டும் முன் துடைக்க வேண்டும். பூட்டுவதும் கழற்றுவதும் லேசரை அணைத்துவிட்டுத்தான்.

கற்றையைச் சரிப்படுத்த ஏன் இரண்டு ஆடிகள் வேண்டும் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. “இரண்டு புள்ளி இருந்தாத்தானே சேர் ஒரு கோடு?” என்றாள். ஒரே ஆடியால் கற்றையை வாசலுக்குக் கொண்டுவரலாம், ஆனால் அது சரிந்து வரும். வாசலுக்கும் வர வேண்டும், நேராகவும் வர வேண்டுமென்றால் இரண்டு ஆடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு திருகாணிகள். வாசலுக்குத் தூரத்து ஆடியைக் கொஞ்சம் திருப்பிப் பக்கத்து ஆடியால் மீட்க வேண்டும். வலு கூடினால் அதே திசையில் இன்னொரு அடி, குறைந்தால் மறுதிசை. பொறுமைதான் இதற்கான கருவி.

இரண்டு நிறங்களை ஒரே நாருக்குள் விட, ஒரு நிறத்தை விட்டு மற்றதைத் தெறிக்கும் ஆடி வேண்டும். 561 ஊடே போகும், 488 தெறித்து அதே கோட்டில் சேரும். நாரும் இரண்டு நிறத்துக்கும் ஒற்றைப்பாங்காக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாருக்கும் ஓர் எல்லை அலைநீளம் உண்டு. அதைவிடக் குறுகிய அலைநீளத்தில் அது பல்பாங்காகிவிடும். மிக நீண்ட அலைநீளத்தில், வளைத்த இடத்தில் ஒளி கசியும். இந்த வேலையெல்லாம் முடித்து ஒரே பெட்டியாகவும் விற்கிறார்கள். விலை கூடும், ஆனால் ஆடி திருப்பத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் அது வீண்செலவல்ல.

கண்

இந்த லேசர்கள் பெரும்பாலும் 3பி வகுப்பைச் சேர்ந்தவை: கண்ணுக்குத் தெரியும் தொடர்கற்றையில் 5 முதல் 500 மில்லிவாற்று வரை. அதற்கு மேல் 4ஆம் வகுப்பு. கண் சிமிட்டுவதற்குள் விழித்திரை சுடுபட்டுவிடும். கற்றையின் அலைநீளத்துக்குப் பொருந்திய கண்ணாடி, கழற்றிய கைக்கடிகாரமும் மோதிரமும், கற்றை ஓடும் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோகாத பழக்கம், மூடியைத் திறந்தால் தானாக அணையும் பூட்டு ஆகிய நான்கும் கட்டாயம். 405 நனோமீற்றர் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். மங்கலாகத் தெரிகிறதே என்று நம்பக் கூடாது.

நம் வகுப்பறைகளில் பிள்ளைகள் கொண்டுவரும் மலிவான பச்சை லேசர் பேனாவும் 561ஐப்போல அகச்சிவப்பிலிருந்து ஒளியை உண்டாக்குவதுதான். உள்ளே தடுப்பு வடிகட்டி இல்லாத பேனாக்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் வெளியே கசியும். விளையாட்டுப் பொருளென்று விட்டுவிடாதீர்கள்.

முளையம் ஏன் செத்தது?

இனி அந்த இரவுக்கு வருவோம். லேசர் நன்றாகத்தான் இருந்தது. முதல்நாள் யாரோ நாரைக் கழற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். முனையின் மேடு வெட்டில் அமரவில்லை. கற்றை சற்றே சரிந்தது. ஒளித்தாள், வில்லை பார்க்கும் தளத்திலிருந்து பத்துப் பதினைந்து மைக்கிரோமீற்றர் தள்ளி விழுந்தது. அந்த வில்லை தெளிவாகப் பார்க்கும் ஆழமோ 3 மைக்கிரோமீற்றர் கூட இல்லை. ஒளி தாராளமாக இருந்தது, பார்க்கிற இடத்தில்தான் இல்லை. படம் மங்கல். அவள் வலுவைக் கூட்டக் கூட்ட, கமரா பார்க்காத தளத்துக் கலங்கள் வெந்துகொண்டிருந்தன. கணினித் திரையில் சதவீதம் மட்டும் தெரிந்தது. மாதிரியின் இடத்தில் எத்தனை மில்லிவாற்று என்று யாரும் அளக்கவில்லை.

இப்போது அவளுடைய கருவிக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறதாம். படம் மங்கலானால் முதலில் தாளும் தளமும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கிறதா என்று பார். பிறகு மாதிரியின் இடத்தில் வலுமானியை வைத்து அள. பிறகு நார் முனையைப் பார். வடிகட்டியைப் பார். இவ்வளவும் சரியென்றால் மட்டும், கடைசியாக, வலுவைக் கூட்டு. அதையும் தமிழில்தான் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

“மத்தவங்களுக்கு விளங்காதே மகள்?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கு இங்கிலீசில வேற ஒட்டியிருக்கு சேர். இது எனக்கு.”

புதிய கருவியில் 50 மில்லிவாற்று 488 லேசர் ஒன்றும் அதே அளவான 561 லேசர் ஒன்றும் வாங்கினார்கள். பட்டியலில் 200 மில்லிவாற்றும் இருந்தது. மிச்சம் பிடித்த காசில் ஒரு நல்ல வலுமானியும் நார் முனையைப் பெருப்பித்துப் பார்க்கும் சிறு கருவியும் எடுத்தார்கள். போன மாதம் அவள் அனுப்பிய காணொளியில் ஒரு முளையம் மூன்று நாளாக வளர்கிறது. கடைசிச் செக்கன்களில் அதன் இதயம் துடிப்பது தெரிகிறது. மாதிரியில் விழுந்த வலுவைக் கேட்டேன். “முக்கால் மில்லிவாற்றும் இல்ல சேர்” என்றாள்.